ஓடுகிறவளுக்கு ஓர் உறை

நாற்பத்து மூன்று வயதில் நான் ஓட ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு நாற்காலி. எங்கள் மாவட்டமான கோல்வின் கவுண்டியின் சிறையில் காவலர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தீவனக் கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அந்த வேலையில் உட்காரலாம். இருபது வருஷமாகக் கூரைக்குத் தார் அட்டை அடிக்கிறேன். வேலை நேரத்தில் நான் உட்கார்ந்த இடமெல்லாம் சாய்வான இடம்தான்.

போன நவம்பரில் ஒரு பாதிரியார் வீட்டுக் கூரையிலிருந்து வழுக்கி, மழைத்தண்ணீர் ஓடும் தகரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். பாதிரியார் கீழே நின்று கண்ணை மூடி ஜெபம் செய்தார். ஏணியைக் கொண்டுவந்து சாத்தியது அவர் பெண்டாட்டி. அன்றைக்குப் போன வலது தோள் இன்னும் சரியாகவில்லை. மருத்துவரிடம் காட்டக் காப்பீடு வேண்டும். கூரை வேலைக்காரிக்கு யாரும் காப்பீடு கொடுப்பதில்லை, சிறைக் காவலர்களுக்கு உண்டு. அதனால் அந்தத் தாளைச் சுவரிலிருந்து கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வேறு யாரும் பார்க்க வேண்டாமே.

தாளில் ஒரே ஒரு வில்லங்கம் இருந்தது. ஒன்றரை மைலைப் பதினாறு நிமிடத்துக்குள் ஓடவேண்டும். இந்த முறை தவறினால் அடுத்து எப்போது என்று போன் போட்டுக் கேட்டேன். யாராவது ஓய்வு பெற்றால், அல்லது கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விட்டால், என்றாள் எடுத்தவள். ஓட்டப் பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது.

என் வீட்டுக்கு முன்னால் போகும் சரளைக்கல் ரோட்டில் ஓடினேன். நாலு வீடு, ஒரு பாலம், டாக்கெட் குடும்பத்தின் மூன்று நாய்கள். நாய்கள்கூடப் பரவாயில்லை, காலை உதறினால் போய்விடும். மூன்றாம் நாள் ஒரு சாம்பல் நிற பிக்கப் வண்டி பக்கத்தில் வந்து மெதுவானது. எங்கே போகிறாய் என்று கேட்டான் உள்ளே இருந்தவன். ஓடிக்கொண்டிருப்பவளிடம் கேட்கிற கேள்வியா அது? ஐந்தாம் நாளும் வந்தான். அன்று ஒன்றும் கேட்கவில்லை. என் வேகத்துக்கே வண்டியை உருட்டிக்கொண்டு பாலம் வரைக்கும் கூடவே வந்தான். கேள்வி கேட்டதே தேவலை என்று இருந்தது.

எங்கள் ஊரில் துப்பாக்கி வைத்திருக்கிறாயா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எதில் வைத்திருக்கிறாய் என்றுதான் கேட்பார்கள். கூரை மேல் எனக்குக் கவலையே கிடையாது. மாட்டுத்தோல் பெல்ட்டில் இடது பக்கம் சுத்தியல், வலது பக்கம் உறையில் என் குட்டித் துப்பாக்கி. ஓடுவதற்குப் போடுவது இறுக்கமான லெக்கிங்ஸ். அதில் பெல்ட் கோக்க வளையம் இல்லை. அந்தத் துணி தன் எடையைத் தாங்குவதே பெரிய விஷயம்.

முதலில் லெக்கிங்ஸுக்கு மேலேயே மாட்டுத்தோல் பெல்ட்டைக் கட்டிப் பார்த்தேன். நடுவில் கயிறு கட்டிய தலையணை மாதிரி இருந்தேன். கால் மைல் போவதற்குள் துப்பாக்கி, பெல்ட், லெக்கிங்ஸ் மூன்றும் ஒற்றுமையாகக் கீழே இறங்கின. டாக்கெட் வீட்டு வாசலில் நடந்தது அது. மூன்று நாய்களும் குரைப்பதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தன.

அதற்குப் பிறகுதான் லானியிடம் போனேன். லானி என் அண்ணன். எனக்கு ஒரு வயது மூத்தவன், அந்த ஒரு வயதுக்கான மரியாதையை இன்னும் வசூல் செய்துகொண்டிருக்கிறான். தீவனக் கடையின் பின்பக்கத்தில், கோழித் தீனி மூட்டைகளைத் தாண்டினால், துப்பாக்கிகள் வைத்த கண்ணாடி மேசை இருக்கும். அதற்குப் பின்னால் உயரமான ஸ்டூலில் லானி இருப்பான். சோபாவிலிருந்து பிரிட்ஜ் வரை போவதைத் தவிர அவன் ஓடியோ நடந்தோ நான் பார்த்ததில்லை. ஆனால் ஓட்டக்காரர்களுக்கு எந்த உறை சரி என்பதில் அவன் பெரிய நிபுணன்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தான். அதன் மேல் பளீரென்று பல் தெரிய ஒரு பெண் பாறையில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"சுறுசுறுப்பான வாழ்க்கைக்குன்னு போட்டிருக்கு பாரு. உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. இவ மலையே ஏறுறா."

"இவ எதையும் ஏறலடா. இவளுக்கு வேர்க்கவே இல்ல."

"உனக்கு எதையாவது வித்தா எனக்கு நிம்மதி. அஞ்சு வயசுல இருந்து நீ எதையும் முழுசா நம்புனதில்ல."

வேலைக்காகத்தான் இதெல்லாம் என்பதை அவனிடம் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டுச் சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. நான் தகரத்தில் தொங்கிய அன்று ஆஸ்பத்திரிக்கு என்னை ஓட்டிப்போனவன் அவன். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. லானி வாயை மூடிக்கொண்டிருப்பது எங்கள் குடும்பத்தில் சாவு வீட்டில்கூட நடந்ததில்லை. அதனால் கடையில் இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுப் பிடிக்காததைத் திருப்பித் தர ஒத்துக்கொண்டான். வேர்வை பட்டதைத் திருப்பி எடுக்கமாட்டேன் என்று மட்டும் சொன்னான், பிறகு அதையும் எடுத்துக்கொண்டான்.

கணுக்காலில் கட்டுவதை முதலில் கொண்டுபோனேன். ஒரு காலில் மட்டும் லாடம் அடித்த குதிரை மாதிரி இருந்தது. நேராகப் போகிறோம் என்று நினைத்து ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கினேன்.

அடுத்து வயிற்றுக்கு முன்னால் மாட்டும் சின்னப் பை. ஓடும்போது அது எகிறி எகிறித் தொப்புளில் குத்தியது. அதோடு, எங்கள் கவுண்டியில் அந்தப் பையில் யாரும் லிப்ஸ்டிக் வைப்பதில்லை என்பது நாய்க்கும் தெரியும். ஒளித்து வைத்தது போலவும் இல்லை, காட்டியது போலவும் இல்லை.

மூன்றாவதாக உள்பாடியில் தொங்கவிடுவது. இதை வடிவமைத்தவன் கட்டாயம் ஆம்பிளை. துப்பாக்கியை எடுக்கவேண்டுமானால் முதலில் சட்டையைக் கழுத்து வரை தூக்கவேண்டும். துப்பாக்கி வெளியே வருவதற்குள் எதிரில் இருப்பவன் வேறு நம்பிக்கையில் இருப்பான். லானியிடம் இதைச் சொன்னபோது, என் தங்கச்சி என்பதால் இதை நான் காதில் வாங்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கோழித் தீனி பக்கம் போய்விட்டான்.

கடைசியாக வந்தது வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலமான எலாஸ்டிக் பட்டை. அதிலும் இரண்டு வகை. மலிவானதில் துணிப்பை மட்டும் தைத்திருக்கும், துப்பாக்கி அதில் துவண்டு கிடக்கும். விசைக்கு மேல் இருப்பது வெறும் துணி, துணிக்கு மேல் எதுவும் அழுந்தலாம். இன்னொன்றில் பட்டைக்குள் கெட்டிப் பிளாஸ்டிக் கூடு இருந்தது, விசையை முழுக்க மூடும். வெளியில் இருந்து விரலோ ஆணியோ டாக்கெட் நாயின் மூக்கோ உள்ளே போகமுடியாது. துணிப்பையை லானி விற்கவே மறுத்தான். இதை வாங்கிக்கொண்டு போன ஒருத்தன் இப்போது எப்படி உட்காருகிறான் தெரியுமா என்றான். ஆள் பெயரைச் சொன்னதும் எனக்கே அவன் நடை ஞாபகம் வந்தது.

கெட்டிக் கூடு வைத்ததை எடுத்தேன். ஆனால் லானி அதோடு விடவில்லை. துப்பாக்கியைக் காலியாக்கி, இரண்டு பேரும் இரண்டு தடவை உள்ளே பார்த்து, அதைப் பட்டையில் செருகி, தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த குதிக்கும் வலையில் என்னை ஏற்றினான். ஐம்பது தடவை குதிக்கச் சொன்னான். புரளச் சொன்னான். குனிந்து கால் கட்டைவிரலைத் தொடச் சொன்னான். தான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, எலுமிச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டே எண்ணினான். பக்கத்து வீட்டுக்காரி வேலி ஓரம் வந்து பார்த்துவிட்டு, ட்ரீனா எத்தனை கிலோ குறைத்தாய் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"பரீட்சையில முக்கியமானது கக்கூஸ்" என்றான் லானி. "கழட்டி ஆணியில மாட்டுனா மறந்துட்டுப் போயிருவ. ஊருக்குள்ள பாதிப் பேரு அப்படித்தான் விட்டுட்டு வர்றான். இது உடம்பை விட்டு இறங்கவே கூடாது. போட்டிருக்கிறதே உனக்கு மறந்து போகணும். அதுதான் நல்ல உறை."

இரண்டு வாரம் காலித் துப்பாக்கியோடு ஓடினேன், சாப்பிட்டேன், சர்ச்சுக்குப் போனேன், கக்கூஸுக்கும் போனேன். வேர்வை பட்டு இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க பழைய டீசர்ட்டைக் கிழித்து உள்பக்கம் வைத்தேன். அதற்கடுத்த வாரம் குண்டு போட்டேன். பட்டை அப்படியே தோலாகிவிட்டது. வண்டிச் சத்தம் கேட்டால் வலது முழங்கை தானாக இறங்கிவந்து வயிற்றைத் தொட்டு, இருக்கிறது என்று உறுதி செய்துவிட்டு மேலே போகும். சாம்பல் வண்டிக்காரன் ஒரு தடவை வந்தான். முழங்கை இறங்கிய விதத்தைப் பார்த்தானோ என்னவோ, வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். முதல் வாரம் இருபது நிமிடம் எடுத்த ஒன்றரை மைல், ஆறாம் வாரம் பதினைந்தரைக்கு வந்தது.

பரீட்சை சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. சிறைக் கட்டிடத்துக்குப் பின்னால் வேலி போட்ட மைதானத்தில் ஓட்டம். ஒன்பது சுற்று. வாசலில் பெரிய பலகை, ஆயுதம் கொண்டுவரக்கூடாது என்று. சிறைக்குள் துப்பாக்கி கொண்டுபோனால் உன்னைச் சிறைக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள், அது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் டிரக்கிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தேன். போன், சாவி, மடக்குக் கத்தி, தார் அட்டை வெட்டும் பிளேடு, ஷூ அடியில் குத்தியிருந்த இரண்டு கூரை ஆணிகள். ஆணியைக்கூடப் பிடுங்கினேன். என்னைப்போல ஒழுங்கானவள் இந்தக் கவுண்டியில் கிடையாது என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

வாசல் காவலன் ஹாய்ட். வசந்தத்தில்தான் அவன் வீட்டுக்குக் கூரை போட்டேன். உடம்பில் இரும்பு இருந்தால் கத்துகிற கைக்கருவி அவன் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதை எடுக்கப் போனவன், புகைபோக்கி ஓரம் இன்னும் ஒழுகுகிறது என்று சொல்ல ஆரம்பித்தான். அது கூரை ஒழுகல் இல்லை, செங்கல் வெடிப்பு என்றேன் நான். செங்கல்லா என்றான். செங்கல்தான் என்றேன். பேசிக்கொண்டே வாசலைத் திறந்து உள்ளே விட்டான். கருவி சார்ஜ் ஏறியபடியே இருந்தது.

என்னோடு சேர்த்து ஆறு பேர். மற்ற ஐந்து பேரும் என் வயதில் பாதி. சார்ஜென்ட் பேர்ட்வெல் கையில் ஓட்டக் கடிகாரத்தோடு கோட்டில் நின்றார். ஐம்பதைத் தாண்டிய பொம்பளை, ரத்தினச் சுருக்கமாகப் பேசுகிறவர். மைதானத்தை ஒட்டி இன்னொரு கம்பி வேலி, அதற்குப் பின்னால் கைதிகள் காற்று வாங்கும் கூண்டு. அன்று அதில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தன் டூயி. எங்கள் கூரைக் கூட்டத்தில் என்னோடு நாலு வருஷம் வேலை பார்த்தவன். மைத்துனன் வண்டியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு பக்கத்து மாநிலம் வரை போனதற்கு உள்ளே இருந்தான்.

முதல் நாலு சுற்று நன்றாகவே போனது. எனக்கு முன்னால் மூன்று பேர், பின்னால் இரண்டு பேர். மூச்சு கணக்காக வந்தது. ஐந்தாவது சுற்றில் வேலிக்கு வெளியே ரோட்டில் ஒரு வண்டி போனது. முழங்கை தானாக இறங்கி வயிற்றைத் தொட்டது.

இருந்தது.

குண்டு போட்டது. சிறை மைதானத்தில். ஆணியைப் பிடுங்கியவள் துப்பாக்கியை வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கால் நிற்கவில்லை, அதற்கு இது தெரியாது. மனசுக்குள் என்னவெல்லாமோ ஓடியது. வேலிக்கு வெளியே வீசலாமா? அந்தப் பக்கம் கைதிகளைப் பார்க்க வந்த குடும்பங்கள் நின்றுகொண்டிருந்தன. ஒன்றும் சொல்லாமல் ஒன்பது சுற்றையும் முடித்து, டிரக்கில் மாத்திரையை மறந்துவிட்டேன் என்று ஹாய்ட்டிடம் சொல்லி வெளியே போய் வைத்துவிட்டு வரலாமா? ஹாய்ட் விட்டிருப்பான். செங்கல் பற்றி இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு விட்டிருப்பான். அந்தப் பொய்யை வார்த்தை வார்த்தையாகக் கோத்துக்கொண்டு கூண்டுப் பக்கம் வந்தேன்.

"ஏ ட்ரீனா," டூயியின் குரல். "வயித்தைத் தொட்டுத் தொட்டு ஓடுறியே. உள்ள என்ன, எங்களுக்கு எதுவும் கொண்டாந்தியா?"

சும்மாதான் கேட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றதையும் டூயியின் முகம் மாறியதையும் பார்த்தேன். எங்கள் ஊர்க்காரன், வயிற்றைத் தொடுவதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு விளக்கவேண்டியதில்லை. அவன் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் வேண்டியதில்லை. வேலிக்கு இருபது அடியில் ஒரு துப்பாக்கி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பன்னிரண்டு கைதிகளுக்குத் தெரியும், ஒரு காவலருக்கும் தெரியாது. அதற்குமேல் மாத்திரைப் பொய் எனக்கு வாயில் வரவில்லை.

இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன். வலது தோளில் யாரோ கடப்பாரையைச் செருகியது போல இருந்தது. அப்படியே சார்ஜென்ட் நின்ற கோட்டுக்கு ஓடி வந்தேன்.

"சார்ஜென்ட், என் வயித்துல துப்பாக்கி இருக்கு. குண்டு போட்டிருக்கு. மறந்துட்டேன், சத்தியமா மறந்துட்டேன். நிக்கவா, ஓடவா?"

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு கூண்டைப் பார்த்தார். அவர் இடுப்பில் கண்ணில் அடிக்கும் மிளகு ஸ்பிரேயும் சாவிக்கொத்தும் மட்டும்தான் இருந்தன. சிறை வேலிக்குள் காவலர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை, கைதி பிடுங்கிவிடுவான் என்று. அந்த மைதானத்தில் இருந்த ஒரே துப்பாக்கி என்னுடையது.

"ஓடு," என்றார். "ஆளுங்க பக்கத்துல நிக்காத. வேலியை விட்டு நடுவுல வந்து ஓடிக்கிட்டே இரு. கை கீழ வந்துச்சுன்னா அப்புறம் நடக்குறது உனக்குப் பிடிக்காது."

மற்ற ஐந்து பேரையும் சுவர் ஓரம் தள்ளினார். கூண்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் அனுப்பினார். ஆயுதப் பெட்டியைத் திறந்து ஒரு துப்பாக்கி கொண்டுவரச் சொன்னார். பெட்டிச் சாவி லெப்டினன்ட் கிரிம்ஸிடம் இருந்தது. லெப்டினன்ட் எதிர்ச்சாரிக் கடையில் பன் மாதிரியான பிஸ்கட்டும் வெள்ளைக் கிரேவிக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, யாரும் நிற்கச் சொல்லவில்லை என்பது மட்டும்.

ஆறாவது சுற்று. ஏழாவது. கையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்பாருங்கள், மூச்சு உள்ளே போக வழியே இருக்காது. தோள் எரிந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைத் தலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டேன். கூண்டிலிருந்து ஆட்களை உள்ளே அழைத்துப்போக நேரமானது, அதுவரை அவர்கள் கைதட்டினார்கள். டூயி மட்டும், கையை இறக்கிடாத புள்ள, கையை இறக்கிடாத என்று கத்திக்கொண்டே உள்ளே போனான். நடுவில் ஒரு காவலர் என்னோடு சேர்ந்து ஓடி வந்தார். கண்காணிக்கவாம். பாதிச் சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

ஒன்பதாவது முடிந்தது. கோட்டைத் தாண்டினேன். பத்தும் முடிந்தது. பதினொன்றாவதின் நடுவில் லெப்டினன்ட் நீளத் துப்பாக்கியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். டையில் வெள்ளையாகக் கிரேவி வழிந்திருந்தது. மண்டி போடச் சொன்னார். போட்டேன். சார்ஜென்ட் பின்னால் வந்து சட்டையைத் தூக்கி, பட்டையின் வெல்க்ரோ ஒட்டுத்துணியைச் சர்ரென்று உரித்து, கூட்டோடு துப்பாக்கியை எடுத்தார். குண்டை வெளியே எடுத்துவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க வாங்குன?"

"தீவனக் கடையில, மேடம்."

"நழுவவே இல்லையே" என்றார், யாரிடமோ சொல்வது போல.

லெப்டினன்ட் விலங்கை எடுத்தார். சட்டம் தெளிவாக இருக்கிறது, இது குற்றம், எழுதி உள்ளே வைக்கவேண்டியதுதான் என்று சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை போனது, தோளும் போனது, டூயிக்குப் பக்கத்து அறை என்று கணக்குப் போட்டுவிட்டேன். இதை லானியிடம் யார் போய்ச் சொல்வார்கள் என்பதுதான் கடைசியாக மிச்சம் இருந்த யோசனை.

"எழுதலாம் சார்," என்றார் சார்ஜென்ட். "முதல் வரி வாசல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஹாய்ட் கருவியை ஏன் எடுக்கலைன்னு. ரெண்டாவது வரி, பெட்டிச் சாவி அந்த நேரத்துல எங்க இருந்துச்சுன்னு. அஞ்சு சுத்துக்கு மேல ஆச்சு. நான் எண்ணுனேன்."

லெப்டினன்ட் டையைக் குனிந்து பார்த்தார். விரலால் துடைத்தார். இன்னும் பரவியது. இந்தச் சிறையை நடத்தும் ஷெரிப்புக்கு நவம்பரில் தேர்தல். இந்தக் கவுண்டியில் துப்பாக்கி வைத்திருந்ததற்காக ஒரு கூரை வேலைக்காரியை உள்ளே போட்டால் ஓட்டுக் கிடைக்காது. சிறைக்குள் துப்பாக்கி வந்தது என்று தெரிந்தாலும் கிடைக்காது. சார்ஜென்ட் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. இரண்டு பேரும் தள்ளிப்போய் நின்று பேசினார்கள். ஹாய்ட்டைக் கூப்பிட்டார்கள். ஹாய்ட் வரும்போது முகம் சுண்ணாம்பாக இருந்தது. அவனைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்தது, கொஞ்சம்தான்.

கடைசியில் சார்ஜென்ட் திரும்பி வந்து நின்றார். விண்ணப்பதாரர் தானே கவனித்துத் தானே சொன்னார், பொருள் வெளியே அகற்றப்பட்டது என்று ஒரு வரி எழுதப்போவதாகச் சொன்னார். விலங்கு லெப்டினன்ட் இடுப்புக்குத் திரும்பிப் போனது. எனக்கு அழுகை வந்தது, வேர்வையோடு போய்விட்டது. கேட்கக்கூடாதுதான், ஆனாலும் கேட்டேன்.

"என் நேரம் எவ்வளவு மேடம்?"

"தெரியாது."

"நான் ஒன்பது சுத்தும் முடிச்சேனே. அதுக்கு மேலயும் ஓடுனேன்."

"ஸ்டால்கப்," என்று என் குடும்பப் பெயரைச் சொன்னார். "உன் வயித்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன், கடிகாரத்தை இல்ல. நேரம் இல்லாத ஓட்டம் ஓட்டம் இல்ல." மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்தார். "பட்டியல் பன்னெண்டு மணி வரைக்கும் திறந்திருக்கு. இப்ப ஒன்பதே கால். ஓடுறதுன்னா ஓடு, இல்லன்னா வீட்டுக்குப் போ."

துப்பாக்கியையும் பட்டையையும் அவரே கொண்டுவந்து என் டிரக்கில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். மற்ற ஐந்து பேரும் அவரவர் ஓட்டத்தை மறுபடி ஓடி முடித்தார்கள். மூன்று பேர் தேறினார்கள். நான் சுவர் நிழலில் படுத்துக்கிடந்தேன். ஹாய்ட் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே போனான். வலது கை தோளுக்கு மேல் எழும்ப மறுத்தது. பதினொன்றரைக்கு எழுந்து நின்றேன். அதற்குமேல் படுத்திருந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரிந்தது.

மைதானத்தில் நான் மட்டும். கோட்டில் சார்ஜென்ட். கூண்டு காலி.

முதல் சுற்றிலேயே தொடை இரண்டும் நனைந்த மூட்டை மாதிரி இருந்தன. துப்பாக்கியின் எடை இல்லாமல் போனதில் உடம்பு பழகிய தாளத்தைத் தேடித் தடுமாறியது. மூன்றாவது சுற்றில் இடது தொடை பிடித்துக்கொண்டது. நின்று உதறினால் நேரம் போகும், அதனால் நொண்டிக்கொண்டே ஓடினேன். ஐந்தாவதில் வெளியே வண்டி போனது, முழங்கை இறங்கியது, தொட ஒன்றும் இல்லை. கெட்ட வார்த்தை ஒன்று வாயில் வந்தது. அதை ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டே இரண்டு சுற்று ஓடினேன். சார்ஜென்டைக் கடக்கும்போது மட்டும் நிறுத்திக்கொண்டேன். எட்டாவதில் அவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். பின்தங்கியிருக்கிறாய் என்றார். எவ்வளவு என்று சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் ஒன்பதாவது சுற்றை எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. கோடு காலுக்குக் கீழே போனது தெரிந்தது. மண் முகத்துக்கு வந்தது தெரிந்தது. காலையில் தின்ற முட்டை சார்ஜென்டின் பூட்ஸ் மேல் வந்தது.

அவர் பூட்ஸை நகர்த்தவில்லை.

"பதினஞ்சு அம்பத்தெட்டு," என்றார். "உள்ள வா. ரத்த அழுத்தம் பாக்கணும். திங்கக்கிழமை தண்டால்."

எழுந்து கட்டிடக் கதவு வரை போனேன். அங்கே என்னை நிறுத்தினார். ஹாய்ட்டைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். கழுத்துப் பட்டியில் ஆரம்பித்து அக்குள், முதுகு, உள்பாடியின் கீழ் விளிம்பு, வயிறு, தொடை, கணுக்கால், ஷூவின் நாக்கு வரைக்கும் அவசரப்படாமல் கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஒவ்வொரு இடத்திலும் ஹாய்ட் பார்க்கிறானா என்று தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

கையைத் தூக்கு என்றார். இடது கை மேலே போனது. வலது கை பாதி வரைதான் வந்தது.

"அது போதும்," என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.